கடல் காணாத கப்பல்கள்

போர்க்கப்பல்களை மூன்று வகையாகப் பகுத்து நோக்கலாம். கடலில் ஓடி, முதுமையெய்தி, ஈற்றில் இரும்புக்காக உடைக்கப்பட்டவை ஒரு வகை. போரிற் சிக்கிக் கடலடியிற் கிடப்பவை இன்னொரு வகை. மூன்றாம் வகையைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அவை வரைபடத் தாளிலே பிறந்து, அத்தாளிலேயே வாழ்வு முடிந்தவை. நீளம், அகலம், பீரங்கிகளின் தொகை, கவசத்தின் தடிப்பு யாவும் அவற்றுக்கு உண்டு. பெயருங்கூடச் சிலவற்றுக்கு உண்டு. கடல்நீர் ஒன்றுமட்டும் அவற்றைத் தீண்டியதில்லை.

சுவடிக்கூடங்களில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்த இம்மூன்றாம் வகைக் கப்பல்கள் இன்று விழித்தெழுந்திருக்கின்றன. கணினித் திரையில் நிகழும் கடற்போர் விளையாட்டுக்களில் அவை புகை கக்கி ஓடுகின்றன, பீரங்கி முழக்குகின்றன, எதிரியின் குண்டுபட்டு எரிகின்றன. மெய்யாகவே ஓடிய கப்பலும், என்றுமே கட்டப்படாத கப்பலும் அங்கே அருகருகே அணிவகுத்து நிற்கின்றன. விளையாடுவோர் பின்னதற்குக் காகிதக் கப்பல் என்று பெயரிட்டிருக்கின்றனர். திரையைப் பார்க்கும் கண்ணுக்கோ இரண்டுக்குமிடையே யாதொரு வேறுபாடும் புலப்படுவதில்லை. இக்காகிதக் கப்பல்கள் எங்கிருந்து வந்தன? அவை ஏன் கட்டப்படவில்லை? விளையாட்டில் அவை உயிர்பெறுவதனால் வரலாறு பெறுவது யாது, இழப்பது யாது? இவ்வினாக்களையே இங்கு ஆராய்வோம்.

கடற்போரை மேசைமேல் ஆடிப்பார்க்கும் வழக்கம் கணினிக்கு மிக முந்தியது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்து தேசத்தில் ஜோன் கிளார்க் என்பவர் வாழ்ந்தார். கடற்படையில் ஒருநாளும் சேவை புரிந்தவரல்லர். எனினும் சிறு மரக் கப்பல்களை மேசைமேற் பரப்பி, காற்றின் திசையைக் கருதி, அவற்றை முன்னும் பின்னுமாக நகர்த்திக் கடற்போரின் நுட்பங்களை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1782ஆம் ஆண்டில் அவர் அச்சிட்ட நூலைப் பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளும் கருத்தூன்றிப் படித்தனர். கரையில் இருந்தவரின் கற்பனை கடலில் இருந்தவருக்குப் பாடமாயிற்று.

அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர் இங்கிலாந்திலே பிரெட் ஜேன் என்னும் ஓவியர் கடற்போர் விளையாட்டொன்றை அமைத்தார். கப்பல்களின் படங்கள் பொறித்த அட்டைகள் அதில் உண்டு. ஊசி பதித்த சிறு மட்டையொன்றினால் அவ்வட்டையைக் குத்த வேண்டும். ஊசி பட்ட இடம் எதுவோ அங்கே குண்டு விழுந்ததாகக் கொள்ளப்படும். அவ்விடத்தில் கவசம் எத்துணைத் தடிப்பு, அதன் பின்னால் இருப்பது எந்திரமா வெடிமருந்தா என்பதெல்லாம் தெரிந்தாலன்றி ஆட்டம் நடவாது. ஆதலின் உலக நாடுகளின் போர்க்கப்பல் விபரங்கள் அனைத்தையும் ஜேன் திரட்டலானார். 1898ஆம் ஆண்டில் முதன்முதலாக அவர் வெளியிட்ட போர்க்கப்பல் ஆண்டுநூல் இன்றும் அவர் பெயராலேயே வெளிவருகின்றது. கடற்படைகள் நம்பி எடுத்தாளும் ஒரு நூல் விளையாட்டோடு கூடப் பிறந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

அந்த ஆண்டுநூலின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பிலே கற்பனைக் கப்பல் ஒன்றும் இடம்பெற்றது. அதனை வரைந்தவர் இத்தாலியக் கடற்படையின் கப்பற் சிற்பியான விற்றோரியோ குனிபேர்ட்டி. சிறிதும் பெரிதுமாகப் பலவகைப் பீரங்கிகளை ஏற்றுவதே அக்காலத்துப் போர்க்கப்பல்களின் வழக்கம். குனிபேர்ட்டியோ, ஒரே அளவான பெரும் பீரங்கிகளையே ஏற்றுதல் வேண்டும் என்றார். 17,000 தொன் நிறை, 12 அங்குல வாயுடைய 12 பீரங்கிகள், மணிக்கு 24 கடல்மைல் வேகம்: இதுவே அவர் கனவு. அவருடைய சொந்த நாட்டுக்கு அது கைக்கெட்டாத கனவாகையால், பிரித்தானியாவுக்கு உகந்த இலட்சியக் கப்பல் எனப் பெயரிட்டு அதை வெளியிட்டார்.

மூன்றே ஆண்டுகளில், 1906ஆம் ஆண்டில், பிரித்தானியாவின் டிரெட்நோட் என்னும் கப்பல் கடலில் இறங்கியது. குனிபேர்ட்டியின் கட்டுரையே அதற்குக் காரணம் என்று கூறிவிடுதல் பொருந்தாது. கடற்படைத் தலைவர் பிஷர் முதலானோரும் அமெரிக்க, யப்பானியச் சிற்பிகளும் அதே வழியில் அக்காலத்திற் சிந்தித்துக்கொண்டிருந்தனர். ஆயினும் கனவையும் மெய்யையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். டிரெட்நோட் ஏறத்தாழ 18,000 தொன் நிறையுடையது. பெரும் பீரங்கிகள் 10. வேகம் மணிக்கு 21 கடல்மைல். நீராவிச் சுழலி என்னும் புதிய எந்திரத்தைப் பொருத்தியும் இவ்வளவே இயன்றது. கனவுக் கப்பலிலும் மெய்க்கப்பல் 1,000 தொன் கனத்தது. பீரங்கி இரண்டு குறைந்தது. வேகத்தில் 3 கடல்மைல் குறைந்தது. தாளில் வரைந்ததை இரும்பிலே வார்க்கும்போது கடல் கேட்கும் வரி இதுதான்.

இவ்வரியை ஏன் செலுத்த வேண்டியிருக்கின்றது? கப்பற் சிற்பியின் தொழில் ஒன்றைத் தொட்டால் ஒன்பது தொடரும் தொழில். மேலும் இரண்டு பீரங்கிகளை ஏற்ற விரும்பினால், அவற்றைத் தாங்கும் சுழற்கோபுரமும் அதன் கவசமும் சேர்ந்து பல நூறு தொன் ஆகும். அந்நிறை கப்பலின் மேற்பகுதியில் அமைவதால் கப்பல் கவிழ நாடும். அதைத் தடுக்க அகலத்தைக் கூட்ட வேண்டும். அகலங் கூடினால் வேகங் குறையும். வேகத்தைக் காக்க எந்திரத்தைப் பெருக்க வேண்டும். எந்திரம் பெருகினால் எரிபொருளும் கப்பலின் நீளமும் பெருகும். நீளம் பெருகினால், அந்நீளம் முழுவதையும் காக்கும் கவசமும் பெருகும். ஈற்றில் அக்கப்பலை ஏற்கத்தக்க துறைமுகமும் செப்பனிடும் துறையும் உண்டோ என்னும் வினா எழும். இவையனைத்தையும் சமநிலையில் நிறுத்துவதே சிற்பியின் கலை. சிறந்த கப்பல் என்பது பல ஆசைகளைத் துறந்த கப்பலாகும்.

துறக்க மறுத்தவர்களைக் கடல் மன்னித்ததில்லை. சுவீடன் நாட்டு மன்னன் கட்டுவித்த வாசா என்னும் பாய்க்கப்பல், மேற்பாரம் மிகுந்தமையால், 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆந் திகதி ஸ்டொக்ஹோம் துறைமுகத்திலேயே, தன் முதற் பயணத்திற் கவிழ்ந்தது. எதிரியின் குண்டு ஒன்றுகூட அதன்மேல் விழவில்லை. சிறு காற்றொன்றே போதியதாயிற்று. 300 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதே பாடத்தை மனிதர் மீண்டும் கற்க நேர்ந்தது. சிறிய உடலில் அளவுக்கு மிஞ்சிய ஆயுதம் ஏற்றப்பட்ட தொமொசூரு என்னும் யப்பானியச் சிறு போர்க்கப்பல், 1934ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே புயலிற் கவிழ்ந்தது. ஏறக்குறைய 100 மாலுமிகள் மாண்டனர். அதன்பின் யப்பானியக் கடற்படை தன் கப்பல்கள் பலவற்றை மீளாய்ந்து, மேற்பாரத்தைக் குறைத்துத் திருத்தியது.

இனி, கட்டுவதற்கென்றல்லாது எல்லையைக் காண்பதற்கென்றே வரையப்பட்ட கப்பல்களையும் நோக்குவோம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்சபையில் தென் கரோலினாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் என்னும் உறுப்பினர் இருந்தார். ஆண்டுதோறும் முன்னையதிலும் பெரிய கப்பலுக்குக் கடற்படை பணங் கேட்பதைக் கண்டு அவர் சலித்துப்போனார். கட்டக்கூடிய மிகப் பெரிய கப்பல் எதுவோ அதையே ஒரேயடியாக வரைந்து காட்டுங்கள் என்று கடற்படையைக் கேட்டார். சிற்பிகளும் வரைந்தனர். பனாமாக் கால்வாயின் மதகறை 1,000 அடி நீளமும் 110 அடி அகலமும் உடையது. அதனுள் நுழையக்கூடிய அளவே அவர்கள் வகுத்த எல்லை. அவ்வரைபடங்களுள் ஒன்று 80,000 தொன் நிறையும் 24 பெரும் பீரங்கிகளும் உடையது. ஒவ்வொரு சுழற்கோபுரத்திலும் ஆறு பீரங்கிகள். அன்று கடலில் ஓடிய அமெரிக்காவின் பெரிய போர்க்கப்பலோ 32,000 தொன் அளவினதே. டில்மனின் கப்பல்களுள் ஒன்றேனும் கட்டப்படவில்லை. ஒரு வினாவுக்கு விடையாக வரையப்பட்டவை அவை. விடை கூறியதோடு அவற்றின் கடமை முடிந்தது.

காகிதக் கப்பல்களைப் பெருமளவிலே தோற்றுவித்த நிகழ்ச்சி பின்னர் வாஷிங்டன் நகரில் நடந்தது. முதலாம் உலகப் போர் முடிந்த பின்னரும் கப்பற் கட்டும் போட்டி ஓயவில்லை. அமெரிக்காவும் யப்பானும் பெருங் கப்பல்களைக் கட்டத் தொடங்கியிருந்தன. பிரித்தானியாவும், 48,000 தொன்னுக்கு மேற்பட்ட நான்கு விரைவுப் போர்க்கப்பல்களைக் கட்டும்படி 1921ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. போரினால் நொந்த நாடுகளின் மக்கள் அவற்றுக்கும் வரி செலுத்த வேண்டியவராயினர். இந்நிலையில் அவ்வாண்டு நவம்பர் 12ஆந் திகதி வாஷிங்டனிலே மாநாடு கூடியது. வழக்கமான உபசாரப் பேச்சை எதிர்பார்த்திருந்த பிரதிநிதிகள் முன்னிலையில், அமெரிக்க இராசாங்க அமைச்சர் ஹியூஸ் எழுந்து, எந்தெந்த நாடு எந்தெந்தக் கப்பலைக் கைவிட வேண்டும் என்று பெயர் கூறியே பட்டியலிட்டார். மூன்று வல்லரசுகளின் 60க்கும் மேற்பட்ட கப்பல்கள் அப்பட்டியலில் அடங்கின.

1922ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பெரும் போர்க்கப்பல் 35,000 தொன்னுக்கு மேற்படலாகாது. பீரங்கி 16 அங்குலத்துக்கு மேற்படலாகாது. சில விலக்குகளோடு, பத்தாண்டுகளுக்குப் புதிய பெருங்கப்பல் கட்டலாகாது. பிரித்தானியாவின் நான்கு கப்பல்களும் வரைபடத்தோடு நின்றன. அவற்றின் சிந்தனையைச் சுருக்கி 35,000 தொன்னுக்குள் அடக்கிக் கட்டப்பட்ட நெல்சன், ரொட்னி என்னும் இரு கப்பல்கள் 1927ஆம் ஆண்டில் சேவைக்கு வந்தன. பெரும் பீரங்கிகள் யாவும் முன்புறத்திலேயே நிற்கும் அவற்றின் விசித்திரத் தோற்றம் கண்டு, மாலுமிகள் அவற்றைச் செரி மரங்கள் என்று கேலி செய்தனர். வாஷிங்டனால் வெட்டிக் குறுக்கப்பட்டவை என்பது அதன் பொருள். அமெரிக்காவின் முதல் சனாதிபதி சிறு வயதிலே செரி மரத்தை வெட்டினார் என்னும் கதையை அறிந்தவர்க்கு அக்கேலி விளங்கும்.

யப்பானின் நிலையோ இன்னும் சுவையானது. உடன்படிக்கை சில கப்பல்களை விமானந்தாங்கிகளாக மாற்ற இடமளித்தது. விரைவுப் போர்க்கப்பல்களாக வரையப்பட்டுப் பாதி வளர்ந்திருந்த அமாகி, அகாகி என்னும் இரண்டையும் யப்பான் அவ்வாறு மாற்றத் தொடங்கிற்று. 1923ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி நிகழ்ந்த பெரும் பூகம்பம் கட்டுதுறையிலிருந்த அமாகியின் உடலைச் சிதைத்தது. அகாகி தப்பியது. 1927ஆம் ஆண்டில் அது விமானந்தாங்கியாகச் சேவையில் இறங்கியது. விரைவுப் போர்க்கப்பல் அகாகி காகிதத்திலேயே நின்றுவிட, விமானந்தாங்கி அகாகி கடலேறியது. இக்கப்பலின் பெயரை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்; அதனை நம் கடலிலேயே மறுபடியும் சந்திப்போம்.

உடன்படிக்கைகள் முறிந்து இரண்டாம் உலகப் போர் மூண்டபோது காகிதக் கப்பல்களின் அடுத்த தலைமுறை தோன்றியது. 60,000 தொன் நிறையும் 16 அங்குலப் பீரங்கி 12உம் கொண்ட மொன்ரானா வகைக் கப்பல்கள் ஐந்தைக் கட்ட அமெரிக்கா 1940ஆம் ஆண்டில் அங்கீகாரம் வழங்கியது. அவற்றின் அகலம் பனாமா மதகறையினும் மிகுதி. அவற்றுக்கென்று மேலும் பெரிய மதகறைகளையும் அமைக்க எண்ணினர். ஆனால் போரின் போக்கு மாறியது. வானத்திலிருந்து வரும் விமானமே கடலை ஆள்கின்றது என்பதை 1942ஆம் ஆண்டின் போர்கள் மெய்ப்பித்தன. உருக்கும் தொழிலாளர் கரங்களும் விமானந்தாங்கிகளுக்கும் காவற் கப்பல்களுக்கும் தேவைப்பட்டன. கப்பலின் முதுகெலும்பாகிய ஏராவைக்கூட வைக்காமலே, 1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐந்து கப்பல்களும் கைவிடப்பட்டன.

சோவியத்து நாட்டின் கதை வேறு. 1938ஆம் ஆண்டு தொடக்கம், 59,000 தொன் அளவான சோவியத்ஸ்கி சோயுஸ் வகைக் கப்பல்களுக்கு அங்கே ஏரா வைக்கப்பட்டது. ஆயினும் தடித்த கவசத் தகடுகளை வேண்டிய தரத்தில் உருவாக்குவதற்கு ஆலைகள் இடர்ப்பட்டன. வடகரையிலே கட்டப்பட்ட ஒரு கப்பலில் தரங்குறைந்த தறையாணிகள் ஆயிரக்கணக்கில் அறையப்பட்டமை தெரியவர, 1940ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜேர்மனியின் படையெடுப்பு எஞ்சியவற்றின் வேலையை நிறுத்தியது. ஒன்றேனும் முடிவுபெறவில்லை. ஜேர்மனியிலும், 1939ஆம் ஆண்டில் ஏரா வைக்கப்பட்ட இரு பெருங்கப்பல்கள் போர் தொடங்கியதும் நிறுத்தப்பட்டன. அதன் பின்னரும் வரைவோர் கை ஓயவில்லை. 1944ஆம் ஆண்டளவில் 20 அங்குலப் பீரங்கிகளோடு 1,30,000 தொன்னையும் கடந்த கப்பலொன்று தாளில் வளர்ந்திருந்தது. தலைமேல் நாள்தோறும் குண்டு விழும் நாட்டில், அதைக் கட்ட உருக்குமில்லை, துறையுமில்லை. கட்டும் எண்ணமும் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இக்கதைகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு கப்பலும் கட்டப்படாமைக்கு ஒரு காரணம் உண்டு. ஒன்றைத் தடுத்தது உடன்படிக்கை. ஒன்றைத் தடுத்தது பூகம்பம். ஒன்றைத் தடுத்தது தரங்குறைந்த ஆணி. இன்னொன்றைத் தடுத்தது விமானத்தின் வளர்ச்சி. காகிதக் கப்பலின் வரலாறு என்பது இக்காரணந்தான். காரணத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் படம்.

இப்பொழுது கணினி விளையாட்டுக்கு வருவோம். கணினியில் அமைந்த தொடக்கக் காலக் கடற்போர் விளையாட்டுக்களுள் ஒன்று 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. பிஸ்மார்க் என்னும் ஜேர்மனியக் கப்பலைப் பிரித்தானியக் கடற்படை 1941ஆம் ஆண்டில் தேடி அழித்த மெய்யான நிகழ்ச்சியே அதன் பொருள். அங்கே கப்பல்கள் மெய்க்கப்பல்கள். மாற்றக்கூடியது மனிதரின் முடிவு ஒன்றே. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான வேர்ல்ட் ஒவ் வார்ஷிப்ஸ் என்னும் விளையாட்டின் அமைப்பு வேறு. அதிலே நாட்டுக்கு நாடு, வகைக்கு வகை, கப்பல்கள் பத்துப் படிகளில் ஏணிபோல் அடுக்கப்பட்டுள்ளன. கீழ்ப்படியிலே தொடங்குபவர் ஆடி ஆடி மேற்படிக்கு ஏறுகின்றார். பின்னாளில் பத்தாம் படிக்கும் அப்பாற்பட்ட கப்பல்களும் சேர்க்கப்பட்டன.

இவ்வேணியே காகிதக் கப்பலுக்குக் கதவு திறந்தது. எல்லா நாடுகளும் எல்லாப் படிகளுக்கும் ஏற்ற கப்பல்களைக் கட்டியிருக்கவில்லை. அமெரிக்கப் போர்க்கப்பல் ஏணியின் பத்தாம் படியிலே மொன்ரானா நிற்கின்றது. சோவியத்ஸ்கி சோயுஸ், ஒருநாளும் ஓடாதது, அங்கே கம்பீரமாக ஓடுகின்றது. ஜேர்மனி தன் வரலாற்றில் ஒரு விமானந்தாங்கியையேனும் முடித்துச் சேவைக்கு விட்டதில்லை. 1938ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட கிராவ் செப்பலின் என்னும் ஒரேயொரு கப்பலும் முற்றுப்பெறாமலே கிடந்து, சோவியத்துக் கைக்குப் போய், 1947ஆம் ஆண்டில் மூழ்கடிக்கப்பட்டது. விளையாட்டிலோ ஜேர்மனிக்கு விமானந்தாங்கிகளின் வரிசையே உண்டு. ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் ஒரு குலமே தோன்றிவிட்டது.

இக்கப்பல்களைக் கூர்ந்து நோக்கினால் அவற்றிலும் தரவேறுபாடு உண்டு. ஏரா வைத்த பின் கைவிடப்பட்டவை சில. முழுமையாக வரைந்து அங்கீகாரமும் பெற்றவை சில. சிற்பியின் மேசையில் கோட்டுருவாய் நின்றவை சில. எஞ்சியவை, வரைபடம் கிடையாத இடத்தில் அந்நாட்டின் வழக்கமான வடிவத்தையும் பீரங்கியையும் கொண்டு விளையாட்டை அமைத்தோர் தாமே புனைந்தவை. யப்பான், யமாற்றோ என்னும் தன் மாபெருங் கப்பலுக்கும் மேலான ஒன்றை, 20 அங்குலப் பீரங்கிகளோடு, போருக்கு முன் வரைந்தது. போர் முடிந்தபோது அதன் ஏடுகளிற் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. சில குறிப்புக்களே எஞ்சின. விளையாட்டிலே ஷிகிஷிமா என்னும் பெயரோடு ஓடும் கப்பல் அக்குறிப்புக்களின்மேல் எழுப்பப்பட்டது. அதன் பாய்மரம், பாலம், புகைபோக்கி, படிக்கட்டு யாவும் ஐயத்துக்கிடமின்றித் திரையில் தெரிகின்றன. சுவடியிலே வெற்றிடமாய் உள்ளது திரையிலே திண்ணிய இரும்பாய் நிற்கின்றது.

இதனால் விளையாட்டைத் தீயதென்று தள்ளுதல் நியாயமன்று. கிளார்க்கின் மரக்கப்பல்களையும் ஜேனின் அட்டைகளையும் போற்றுகின்ற நாம் கணினியை மட்டும் பழித்தல் முறையாகாது. நிபுணரன்றி எவரும் திறவாத வரைபடங்களை இவ்விளையாட்டு வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. வாஷிங்டன் உடன்படிக்கை என்று கேள்விப்பட்டேயிராத இளைஞன் ஒருவன், ஒரு கப்பலின் பெயரைப் பற்றிக்கொண்டு நூலகத்தின் வாயில்வரை வந்துவிடுதல் கூடும். அது சிறு நன்மையன்று.

ஆனால் இழப்பையும் கணக்கிடல் வேண்டும். விளையாட்டில் ஒரு போர் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கப்பலின் உயிர் ஓர் எண். அவ்வெண் தேய்ந்து போனால் கப்பல் மூழ்கும். அடுத்த ஆட்டத்தில் அதே கப்பல் புதுமெருகோடு மீண்டும் வரும். கவிழும் அபாயம் அதற்கு இல்லை, ஆலை இடர்ப்படுவதில்லை, வரி செலுத்தும் மக்கள் அங்கில்லை. டிரெட்நோட் ஒன்றைக் கட்ட ஏறத்தாழ 18 இலட்சம் பவுண் செலவாயிற்று. காகிதக் கப்பலை விளையாட்டிலே பெறுவதற்கு வேண்டியது ஆடுவோரின் நேரமும் ஓரளவு பணமுமே. கட்டப்பட்ட கப்பல் தன் குறைகளோடு வருகின்றது. கட்டப்படாத கப்பலின் குறைகளைக் கடல் சோதித்துப் பார்த்ததேயில்லை. ஆகவே அது மெய்க்கப்பலிலும் சிறந்ததாகத் தோன்றுதல் இயல்பே. செய்து பார்த்தவன் எப்பொழுதும் கனவு கண்டவனிலும் தாழ்ந்தே தோன்றுவான்.

இவ்வேறுபாட்டை உணர்வதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியிலே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியக் கப்பல் கிடக்கின்றது. விமானந்தாங்கியாகவே வரைந்து ஏரா வைக்கப்பட்ட முதற் கப்பல் அதுவே. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானியப் படை, 9ஆந் திகதி திருகோணமலையைத் தாக்கியது. அன்று ஹேர்மிஸ் தன் விமானங்கள் எவையுமின்றிக் கடலில் இருந்தது. யப்பானிய விமானங்கள் அதனைக் கண்டுபிடித்துச் சில நிமிடங்களிலே மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் அக்கப்பலோடு மாண்டனர். அத்தாக்குதலை நடத்திய படைக்குத் தலைமைக் கப்பலாக இருந்தது எது? வாஷிங்டனில் எழுதிய ஏட்டினால் உருமாறிய அதே அகாகி. இரண்டு மாதங்களுக்குள் மிட்வே தீவருகே அகாகியும் அழிந்தது.

எங்கோ ஒரு மண்டபத்தில் இட்ட கையெழுத்து ஒரு கப்பலின் வடிவத்தை மாற்றியது. மாறிய அவ்வடிவம் இருபது ஆண்டுகளின் பின் நமது கடலுக்கு வந்தது. ஏட்டுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு இத்தகையது. ஹேர்மிஸ் கப்பலும் இன்று அவ்விளையாட்டிலே கீழ்ப்படியொன்றில் ஓடுகின்றது. அங்கே அதன் விமானங்கள் வீழ்த்தப்பட்டாலும் நேரஞ் செல்லச் செல்ல மீண்டும் நிறைகின்றன. கடலடியிலுள்ள ஹேர்மிஸ் கப்பலுக்குத் தேவைப்பட்ட நாளில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதே அணியில், எவரும் ஏறாத, எவரும் இறவாத காகிதக் கப்பல்களும் அதனோடு சமமாய் நிற்கின்றன. மாண்டவர்களைக் கொண்ட கப்பலும் மாலுமியே இல்லாதிருந்த கப்பலும் ஒரே தராசில் நிறுக்கப்படும்போது, அறியாது இழக்கப்படுவது அம்மாண்டவர்களின் நினைவாகும்.

காரணத்தை மறவாமலே விளையாட்டை அமைத்தல் இயலாத காரியமன்று. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ரூல் த வேவ்ஸ் என்னும் விளையாட்டில் அழகிய காட்சிகள் இல்லை. எண்களும் அட்டவணைகளுமே மிகுதி. ஆடுபவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாட்டின் கடற்படைத் தலைவராகின்றார். தம் கப்பலைத் தாமே வரையலாம். ஆனால் நிறை மிகுந்தால் கப்பல் ஆகாது, கட்டுதுறை சிறிதாயின் பெருங்கப்பல் ஆகாது, பணம் வரையறையுடையது. திடீரென உடன்படிக்கையொன்று வந்து, பாதி வளர்ந்த கப்பலை உடைத்தெறியவும் நேரும். அவ்வேளையில் ஆடுபவர் அடையும் ஏமாற்றத்தில், 1922ஆம் ஆண்டிற் பிரித்தானியச் சிற்பிகள் அடைந்த ஏமாற்றத்தின் சாயல் உண்டு. அங்கேயுள்ள கப்பல்களும் கற்பனையே. எனினும் கப்பலைத் தடுத்த காரணங்கள் கற்பனையல்ல.

ஆகவே காகிதக் கப்பலை விளையாட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. ஒவ்வொரு காகிதக் கப்பலின் பக்கத்திலும் இரண்டொரு வரி எழுதப்படுதல் வேண்டும்: இது எவ்வளவு தூரம் வரையப்பட்டது, எங்கே நின்றது, எக்காரணத்தால் நின்றது என்பதே அது. அமைப்போர் எழுதாவிடின் ஆடுவோரே தேடிக் காணலாம். பெற்றோரும் ஆசிரியரும், திரைமுன் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம், இந்தக் கப்பல் ஓடியதா என்று ஒரு வினாவை வினவலாம். அவ்வொரு வினாவிலிருந்து ஒரு நூற்றாண்டின் வரலாறு விரியும்.

கட்டியவற்றை எண்ணுவதே வரலாறு என்று நாம் பழகிவிட்டோம். கட்டாமல் விட்டதும் மனிதர் செய்த செயலே. 1922ஆம் ஆண்டிலே, பகைத்து நின்ற நாடுகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தம் பெருங்கப்பல்களைத் தாமே கைவிட்டன. அவ்வுடன்படிக்கை என்றென்றைக்கும் நிலைக்கவில்லை, போரையும் தடுத்துவிடவில்லை. ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேலாக மக்களின் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. திரையிலே கம்பீரமாய் ஓடும் காகிதக் கப்பல்களுட் பல, அவ்வாறு இறக்கி வைத்த பாரங்களே. அவற்றின் அழகை வியக்கும் பிள்ளைகள், அவை கடல் காணாமைக்குரிய காரணத்தையும் அறிந்துகொள்வார்களாயின், அந்த விளையாட்டு வீண்போகாது.